முடக்குவாதம் இருந்தால் மாரடைப்பு வருமா?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு நோய்). மருத்துவர் ஏன் இதயத்தையும் சோதிக்கச் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடலில் இறங்குமுன் விரலில் துணி சுற்றக்கூட முடியாதபடி காலையில் கணுக்களை விறைக்க வைக்கிறதே, அதே அழற்சிதான் (உடலுக்குள் உண்டாகும் வீக்கமும் எரிச்சலும்) ரத்தக்குழாயின் உட்சுவரையும் புண்ணாக்குகிறது. அங்கே கொழுப்பு சீக்கிரம் படிகிறது. படிந்தது வெடித்தால் ரத்தம் உறைந்து அடைக்கிறது. மற்றவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ 1.5 மடங்கு. விநோதம் என்னவென்றால், அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கொலஸ்ட்ரால் குறைவாகவே காட்டும். அந்தச் சீட்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை மருந்துக்கடைதான். கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் வலியை அடக்குமே தவிர நோயை அடக்காது, இதயத்துக்கும் கெடுதல். நீண்டநாள் ஸ்டீராய்டும் அப்படியே. நோயையே கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை (வாரம் ஒரு நாள் மட்டும், தினமும் அல்ல) மருத்துவர் தந்திருந்தால் விடாமல் சாப்பிடட்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். மீன் நல்லது, கருவாட்டைக் குறைக்கலாம். நடக்கையில் நெஞ்சு இறுகினால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.