பிரிட்டனில் எல்லாரும் கார்டில் கட்டும்போது இலவச ஏடிஎம்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு?

கண்டிப்பாக வேண்டும். 2023-இல் பிரிட்டனில் நடந்த கட்டணச் செலுத்தல்களில் 12 சதவீதம்தான் ரொக்கம் என்பது சரி, ஆனால் அந்த 12 எல்லாரிடமும் சமமாகப் பரவி இல்லை. மாதக்கணக்கில் ஒரு நோட்டைக்கூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள், வாரச் செலவு முழுவதையும் நோட்டாக எண்ணி வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரொக்கம் இல்லாமல் போனால் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள் திண்டாடுவார்கள் என்று ரொக்க வசதி பற்றி 2019-இல் நடாலி சீனி தலைமையில் வந்த ஆய்வறிக்கையே சொன்னது.

இங்கே படிக்க வந்த புதிதில் மாலை வேளைகளில் ஒரு சின்னக் கடையில் கல்லாவில் நின்றேன். வாசல் பக்கம் இருந்த ஏடிஎம் அதுவரை இலவசம், திடீரென்று ஒரு நாள் முதல் 1.99 பவுண்டு கட்டணம் என்று திரையில் வர ஆரம்பித்தது. நூறு பவுண்டு எடுப்பவருக்கு அது இரண்டு சதவீதம், பேசாமல் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார். பத்து பவுண்டு எடுத்து அப்படியே என்னிடம் நீட்டி, முன்பணம் போட்டால்தான் ஓடும் கரண்ட் மீட்டருக்கு டாப்-அப் செய்கிற ஆளுக்கு ஏறக்குறைய இருபது சதவீதம். கணக்கில் பதினொரு பவுண்டுதான் இருக்கிறது என்றால் அந்தப் பத்தும் வராது. கார்டை உருவிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இலவச ஏடிஎம்மில் நாம் பணம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நம் வங்கி அந்த மெஷினை நடத்தும் நிறுவனத்துக்குச் சில பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) கொடுக்கிறது. சுமார் 25 பென்ஸாக இருந்த அந்தத் தொகையைப் படிப்படியாக 20-க்குக் கொண்டுவரப்போவதாக ஏடிஎம்களை இணைக்கும் லிங்க் அமைப்பு 2018-இல் அறிவித்தது, இரண்டு முறை குறைத்துவிட்டுப் பிறகு நிறுத்தி வைத்தது. மெஷினில் நோட்டு நிரப்புவது, பழுது பார்ப்பது, காப்பீடு என்று செலவு குறையவே குறையாது. அதனால் கூட்டம் குறைவான இடத்து மெஷின்தான் முதலில் மூடப்படும், இல்லையென்றால் கட்டண மெஷினாக மாறும். அப்படிப்பட்ட இடத்தில்தான் பக்கத்தில் வங்கிக் கிளையும் இருக்காது. 2015-க்குப் பிறகு ஆறாயிரத்துக்கும் மேல் கிளைகள் போய்விட்டன.

2023-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டம் இதில்தான் கை வைத்தது. அதன்படி நிதி ஒழுங்காற்று ஆணையம் (எஃப்சிஏ) போட்ட விதிகள் 2024 செப்டம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பெரிய வங்கிகள் ஒரு கிளையையோ ஏடிஎம்மையோ எடுக்கும் முன் அந்த ஊருக்கு என்ன குறையும் என்று ஆராய வேண்டும், குறை இருந்தால் மாற்று ஏற்பாடு வரும்வரை மூடக்கூடாது. தனிநபர் கணக்குகளுக்கு இலவசமாகப் பணம் எடுக்கும் வசதி இருக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே வந்துவிட்டது. வங்கிகள் சேர்ந்து பணம் போட்டு, தபால் நிலையத்தார் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொது வங்கி மையங்களும் பெருகின, நூறாவது மையம் 2024 டிசம்பரில் திறந்தது.

பெரிய ஓட்டை ஒன்று பாக்கி இருக்கிறது. பணத்தை எடுக்க உரிமை உண்டு, அதைக் கடைக்காரர் வாங்கியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. 'கார்டு மட்டும்' என்று வாசலில் அட்டை தொங்கவிட்டால் அவ்வளவுதான். குறைந்தபட்சம் மருந்துக்கடையிலும் சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடையிலும் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்று விதி வர வேண்டும் என்பேன்.

அப்புறம், உங்கள் பகுதியில் இலவச மெஷின் போய்விட்டதென்றால் வங்கி தானாக ஏதாவது செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். லிங்க் இணையதளத்தில், அங்கே வசிக்கும் யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதியின் ரொக்க வசதியை ஆராயும்படி விண்ணப்பிக்கலாம். இதற்கு வழக்கறிஞரோ கவுன்சிலரோ தேவையில்லை. அதுவரைக்கும் தபால் நிலைய கவுன்ட்டரில் பெரும்பாலான வங்கிகளின் கார்டுக்கு இலவசமாகவே பணம் தருவார்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.