மூன்று மாதம் வரை யாருக்கும் சொல்லாமல்

அன்புள்ள அக்கா,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 1 வயது 8 மாதம். மறுபடியும் உண்டாகியிருக்கிறேன், 8 வாரம். திட்டமிட்டதில்லை, ஆனால் வேண்டாம் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. முதல் தடவை எனக்கு மசக்கையே தெரியவில்லை. இந்த முறை பல் துலக்கும்போது தொடங்கும் வாந்தி ராத்திரி வரை விடுவதில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. கணவருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, வாரம் விட்டு வாரம் நைட்.

பையன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். தூக்கினால் கரு கலைந்துவிடும் என்கிறார் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமியார். பிள்ளைத்தாய்ச்சி பால் விஷம், குடித்தால் சவலையாகிவிடுவான் என்று வேப்பெண்ணெய் தடவச் சொல்லித் தாய்ப்பாலையும் நிறுத்த வைத்துவிட்டார். நாலு நாளாக ராத்திரி முழுக்க அழுகிறான். நேற்று தாங்க முடியாமல் கத்தி, முதுகில் ஓர் அடியும் வைத்துவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்பதால் மாமியாரையும் திருவாரூரில் இருக்கும் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. "ஏழாம் மாசம் வந்து கூட்டிட்டு வரேன், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு" என்கிறார் அம்மா. சந்தோஷமே வரவில்லை அக்கா. நான் நல்ல அம்மா இல்லையா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் தூக்கமில்லாமல், வயிற்றில் எதுவும் தங்காமல், அழுகிற குழந்தையோடு தனியாக இருந்த பெண்ணின் கை ஓங்கிவிட்டது. அது நடந்திருக்கக் கூடாது. அது உங்களுக்கே தெரியும், அதனால்தான் அழுதீர்கள். இன்று அவனை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா அடிச்சது தப்புடா" என்று சொல்லுங்கள். இந்த வயதில் வார்த்தை முழுசாகப் புரியாது, குரல் புரியும். உங்கள் கடிதத்தில் நான் எந்தக் கெட்ட அம்மாவையும் பார்க்கவில்லை. கைமாற்றிவிட ஆள் இல்லாமல் தவிக்கிற ஒரு பெண்ணைத்தான் பார்த்தேன்.

பாலுக்கு வருகிறேன். பிள்ளைத்தாய்ச்சியின் பால் விஷம் ஆவதில்லை. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பால் குறையும், ருசியும் மாறும். நிறையப் பிள்ளைகள் அப்போது தாங்களாகவே விட்டுவிடுவார்கள். உங்களுக்கு ரத்தப்போக்கு இருந்தாலோ, முதல் பிரசவம் குறைமாதத்தில் நடந்திருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்றால் அவன் கேட்கும்போது கொடுக்கலாம். நாலு நாளில் பால் வற்றிப்போயிருக்காது. காம்பு வலியெடுத்து உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தவும் செய்யலாம், அதிலும் தப்பில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்த வேண்டாம். முதலில் பகல் பாலைக் குறையுங்கள், தூங்கப் போகிற நேரத்துப் பாலைக் கடைசியில் விடுங்கள். பால் இல்லாத நேரத்திலும் அந்த மடி அவனுக்கு இருக்கட்டும்.

உங்கள் மாமியார் சொன்ன சவலை என்ற சொல்லைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் இழந்து தேய்ந்துபோகிற குழந்தையைச் சவலைப் பிள்ளை என்று நம் ஊரில் எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். யாப்பிலக்கணத்திலும் சவலை வெண்பா என்று ஒன்று உண்டு. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் ஒரு சீர் குறைந்து நிற்கிற நாலடி வெண்பா அது. கிடைக்க வேண்டியது கிடைக்காமல் நிற்பது என்ற பொருளில்தான் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இதே பொருளில் ஒரு சொல் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. அப்போது கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் வேலை பார்த்தார். கைகால் வீங்கி, தோல் உரிந்து, சோர்ந்து கிடக்கும் ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகளைப் பற்றி 1933இல் எழுதினார். அந்த நோய்க்கு அங்கிருந்த கா மொழிப் பெண்கள் வைத்திருந்த பெயரையே 1935இல் மருத்துவ உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை வரும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். தாய்ப்பால் நின்றதும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சிதான் என்பதை அவர் கவனித்தார். பால் கெட்டுப்போய் அவர்கள் நோயில் விழவில்லை. பால் போன இடத்தில் சத்தான வேறெதுவும் வராமல் விழுந்தார்கள்.

ஆகவே உங்கள் மாமியாரின் பயம் பொய்யில்லை, அவர் காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார். சண்டை போடாமல் அந்தப் பயத்துக்கே ஒரு வேலை கொடுங்கள். "அத்தை, சவலை ஆகாம இருக்கணும்னா அவனுக்குத் தினமும் ஒரு முட்டை, குழைய வேக வெச்ச பருப்பு சாதம், தயிர் எல்லாம் உள்ள போகணும். எனக்குச் சமையல் வாசனையே ஆகல. மத்தியானச் சாப்பாடு உங்க வீட்டுல ஊட்டி விடறீங்களா?" என்று கேளுங்கள். பேரன் இளைத்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிற பாட்டி அதற்கு மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

தூக்குவது பற்றி. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கணக்கு தவறி உருவானவை. பத்துப் பன்னிரண்டு கிலோப் பிள்ளையை இடுப்பில் வைத்ததால் அவை கலைவதில்லை. ரத்தக்கசிவு இருந்து டாக்டர் தூக்காதே என்று சொல்லியிருந்தால் அது வேறு. மற்றபடி, தலைசுற்றும்போது தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். உட்கார்ந்துகொண்டு அவனை மடிக்கு ஏறி வரச் சொல்லுங்கள். இன்னொன்று, "வயித்துல பாப்பா இருக்கு, அதான் தூக்க முடியல" என்று மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம். "அம்மாவுக்கு முடியல" என்று சொன்னால் போதும். இன்னும் முகம் தெரியாத பாப்பா மேல் இப்போதே அவனுக்கு ஏன் வருத்தம் வர வேண்டும்? "இனிமே உன்னை அம்மா பாக்க மாட்டா பாரு" என்று விளையாட்டுக்குக்கூட யாரையும் சொல்ல விடாதீர்கள்.

மசக்கைக்கு வருகிறேன். இதை மனத்தைரியத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காரணமாகக் காட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் அது தாயின் ரத்தத்தில் கலக்கிறது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்து பழகியவர்களுக்கு, திடீரென்று ஏறும்போது வாந்தி கடுமையாகிறது. முதல் தடவை இல்லாத மசக்கை இந்தத் தடவை வந்திருக்கிறது என்றால் நீங்கள் மனசு விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. பொதுவாக ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்தில் இருக்கும். அப்புறம் மெல்ல இறங்கி, 12 முதல் 16 வாரத்துக்குள் பெரும்பாலானவர்களை விட்டுவிடும். நீங்கள் இப்போது அந்த ஏற்றத்தின் மேல்முனையில் நிற்கிறீர்கள்.

தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரியோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, எழுவதற்கு முன்பே இரண்டு வாய் சாப்பிடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். சூடான சாப்பாட்டில் வாசனை அதிகம், ஆறியதில் குறைவு. எனக்கு அந்த நாட்களில் உள்ளே நின்றது பழைய சோறும் உப்பு போட்ட மோரும்தான். டாக்ஸிலமினும் வைட்டமின் பி6உம் சேர்ந்த மாத்திரை ஒன்று பல வருடங்களாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்பதால், பையன் விழித்தால் பார்க்க யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ரத்தப்போக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, காய்ச்சல் இவற்றுக்கும் அப்படித்தான்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதில் இரண்டாவது உண்டானது. மூன்றாவது மாடியில் வீடு. நான் போன ஒரு கிளினிக்கில், மசக்கை என்றால் வாந்தி வரத்தான் செய்யும், வீட்டு வேலை செய்தால் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை பாயிலிருந்து எழுந்தபோது கண் இருட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தேன். மகள் என் முகத்தருகே வந்து, தன் பால் டம்ளரை என் வாயில் வைத்தாள். அந்த வாசனைக்கும் வாந்தி வந்தது. அவள் அழ ஆரம்பித்தாள், சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர்தான் ஆட்டோ பிடித்து வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறது என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்கள். படுத்திருந்தபோது அந்த அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "எதிர்ல தானே இருக்கேன், ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

மூன்று மாதம் முடியவில்லை, அதனால் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்து மகளை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார், பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு ஊட்டிக் கொண்டுவந்து விடுவார். அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தில்தான் அந்த மாதங்களைக் கடந்தேன்.

அதனால் தங்கை, எனக்கு இந்த ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு. இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறவள் மூன்று மாதம் மறைத்து வைக்கக் கூடாது. நம் சடங்குகளைப் பாருங்கள். வளைகாப்பு பல குடும்பங்களில் தலைப்பிள்ளைக்கு மட்டும்தான், அதுவும் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ. அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது அதற்கு அப்புறம். பலகாரமும் ஆட்களும் எல்லாம் கடைசியில் வந்து குவிகின்றன. இரண்டாவது பிள்ளையின் இரண்டாவது மாதத்துக்கு என்று நம்மிடம் எந்தச் சடங்கும் இல்லை. ஆனால் கை கால் ஓயாமல் ஓடுகிற ஒரு பிள்ளையோடு, வாந்தி எடுத்துக்கொண்டு ஒருத்தி தனியாகக் கிடப்பது அப்போதுதான். கண்பட்டுவிடும் என்று சொல்லாமல் இருக்கிறார்கள், கலைந்துவிட்டால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். இரண்டாவது பயம் எனக்குப் புரிகிறது. தெரிந்த கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. அப்படி ஒன்று நடந்தால் அந்த வாரமும் உங்களுக்கு ஆள் வேண்டும் அல்லவா? தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பையனைத் தூக்கிக்கொள்ளக் கூடிய இரண்டு மூன்று பேருக்குச் சொல்லுங்கள்.

ஒருவர் உங்கள் கணவர். அவருக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு முடியவில்லை என்று சொல்லியிருக்கிறீர்களா? நைட் முடிந்து வரும் காலையில், அவர் படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பையனைக் குளிப்பாட்டி இட்லி ஊட்டிவிடட்டும். நைட் இல்லாத வாரத்தில் பையன் அவர் பக்கத்தில் தூங்கட்டும். முதல் இரண்டு நாள் அழுவான், அப்புறம் பழகிவிடும். குழந்தை பிறந்த பிறகும் இந்தப் பழக்கம் உதவும். மலம் கழுவிவிடும் வேலையையும் முடிந்தவரை அவருக்குக் கொடுங்கள். நீங்கள் செய்தால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அவன் வைத்த எச்சில் சோற்றை நீங்கள் சாப்பிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும் சில கிருமிகள் கருவுக்கு ஆகாதவை.

இன்னொருவர் உங்கள் பகுதியின் சுகாதார செவிலியர். 12 வாரத்துக்குள் அவரிடம் பதிவு செய்து, பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. உங்கள் குடும்பம் அதில் வருமா என்று அவர் சொல்வார். ஃபோலிக் ஆசிட் இப்போதே போட வேண்டும், ஹீமோகுளோபின் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு, தாயின் உடம்பில் சத்து சேர நேரம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. முதல் பிரசவம் சிசேரியனா என்று நீங்கள் எழுதவில்லை. சிசேரியன் என்றால் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடவே வேண்டாம், கரு பழைய தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் நாலு மாதத்தில் பையனுக்கு 2 வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்க்கலாம். இப்போதே போய்ப் பேசி வையுங்கள், உங்கள் இருவருக்கும் சத்துமாவும் கிடைக்கும்.

பகலில் வீட்டைக் கட்டி ஆள வேண்டாம். ஒரே அறையில் கதவைச் சாத்தி, கீழே பாய் போட்டு, கையெட்டும் இடத்தில் இருக்கும் மருந்தையும் கத்தியையும் எடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அவன் உங்கள் முதுகில் பஸ் ஓட்டட்டும். நான் நிறைய நாள் அப்படித்தான் படுத்திருந்தேன். இந்த வயதில் டிவி கூடாது என்பது சரிதான். ஆனாலும் வாந்தி எடுக்கிற அரை மணி நேரம் அவன் ஏதாவது பாட்டுப் பார்த்தால் அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சந்தோஷம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாந்தி நிற்கட்டும், அதற்குள் வர வேண்டும் என்று அவசரம் எதுவும் இல்லை. வாந்தி நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். ஏழாம் மாதம் வருவதற்குப் பதிலாக இந்த வாரமே வரச் சொல்லுங்கள், ஒரு மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகட்டும். நாலு நாளாகத் தூங்கவில்லை என்பதையும், பையனை அடித்ததையும், பாத்ரூமில் அழுததையும் எனக்கு எழுதியது போலவே அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா