கிருஷ்ணகிரி மலைச்சண்டையை மேசையில் ஆடிக் காட்டியது: கேட்டவர்களுக்குப் பதில்

போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள், நாங்கள் நாலு பேர் சேர்ந்து 1791 நவம்பர் 7 ராத்திரிச் சண்டையைச் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடிக் காட்டினோம். வந்தவர்களையும் ஆட விட்டோம். அதற்கப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிந்தவரை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பர்கூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அந்த ராத்திரி என்னதான் நடந்தது? எங்க ஊர்லயே யாருக்கும் தெரியல.

மூன்றாம் மைசூர்ப் போர் தம்பி. 1791 மார்ச்சிலேயே பெங்களூரு கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்குப் போய்விட்டது. ஆனால் கீழ்ச்சீமைச் சமவெளியிலிருந்து அரிசியும் மாடும் மேலே போகிற வழி நம்ம பாராமகால் வழி, அதாவது இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். அந்த ஜூலையில் ராயக்கோட்டையைப் பிடித்தார்கள், அக்டோபர் கடைசியில் பென்னாகரம் விழுந்தது, கிருஷ்ணகிரி மட்டும் திப்புவின் ஆட்களிடம் நின்றது. கும்பினியின் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல் ராத்திரியில் வந்து மலையடி ஊரான பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டார். மேலே ஓடினவர்களை விரட்டிக்கொண்டே, அவர்களோடு கலந்து வாசலுக்குள் புகுந்துவிடலாம் என்று கணக்கு. கோட்டை வாசல் படியிலேயே ஒரு கொடியைப் பிடுங்கிவிட்டார்களாம், அவ்வளவு கிட்டே போய்விட்டார்கள். ஆனால் கதவு சாத்திவிட்டது, ஏணி தூக்கி வந்தவர்கள் எங்கேயோ பின்னால். ஏணி வந்து சேர்ந்தபோது மேலேயிருந்து பாறை உருள ஆரம்பித்துவிட்டது, ஏணியும் ஆளும் சேர்ந்து நசுங்கியது. இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி முயன்று, நிறைய பேரைப் பறிகொடுத்துவிட்டு இறங்கினார்கள். கோட்டை விழவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகாலோடு சேர்ந்து கை மாறியது.

ஓசூர் கல்லூரி மாணவி: இத்தனை பெரிய சண்டைகள் இருக்கும்போது ஏன் இந்தச் சின்னச் சண்டை?

சின்னதாக இருப்பதால்தான். பொள்ளிலூர்ச் சண்டையை நானும் ஒரு தடவை ஆசைப்பட்டுத் தொட்டேன், 1780, ராக்கெட், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் பார்க்க வருகிறவர் நம் மேசை முன்னால் ரொம்ப நேரம் நிற்க மாட்டார். அந்த நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆட்களின் நகர்வை எப்படிச் சொல்வது? இங்கே கேள்வி ஒன்றுதான்: ஏணிக்காகக் காத்திருப்பதா, விரட்டிக்கொண்டே ஏறுவதா. எட்டு வயசுப் பையனுக்கும் புரிகிறது. அதைவிட, வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் அதே மலை நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அரூர் ஆசிரியர் ஒருவர்: மலையை எந்த அளவில் செய்தீர்கள்?

சார், இதில்தான் முதல் இரண்டு மாசம் போனது. மலை தரையிலிருந்து 800 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் சிப்பாய் 72-இல் ஒரு பங்கு. அந்த அளவிலேயே மலையையும் கட்டினால் 11 அடி வருகிறது, மண்டபத்து ஃபேனில் இடிக்கும். 300-இல் ஒரு பங்கு என்றால் இரண்டே முக்கால் அடிக்குள் அடங்கும், ஆனால் ஆள் பொன்னி அரிசி நீளம்தான் இருப்பான், தாத்தா பாட்டிகளுக்குக் கண்ணில் படமாட்டான். ஒரே மேசையில் இரண்டையும் சாதிக்கப் பார்த்து மலை கொழுக்கட்டை மாதிரி வந்தது, பிய்த்துப் போட்டோம். கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். முழு மலை 300-இல் ஒன்று, அது பார்க்க மட்டும். வாசலும் படியும் அதற்குக் கீழே உள்ள சரிவும் 72-இல் ஒன்று, தனித் தட்டில், அது ஆட. முழு மலையில் எந்த இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம் என்று ஒரு சிவப்பு நூலால் கட்டம் கட்டிவிட்டால் யாரும் குழம்புவதில்லை.

காவேரிப்பட்டணம் அக்கா: என்ன பொருள்? கொலுவுக்கு மலை செய்வேன், அது போதுமா?

தாராளமாகப் போதும் அக்கா, கொலுவில் பூங்கா கட்டின கைக்கு இது புதுசே இல்லை. தெர்மாகோலை அடுக்கி வெட்டி, மேலே செய்தித்தாள் கூழும் ஃபெவிகாலும், காய்ந்ததும் வெள்ளைச் சிமென்ட் மெல்லிசாக ஒரு பூச்சு. புல்லுக்குத் தேங்காய் நார்த்தூள், சாயம் போட்ட மரத்தூள். கேழ்வரகு முளைக்க வைக்காதீர்கள், மூன்றாம் நாள் வாசலை விட உயரமாக நிற்கும். ஸ்பிரே பெயின்ட் மட்டும் நேராகத் தெர்மாகோல் மேல் அடிக்கவே கூடாது. நான் அடித்தேன். மலை கண்ணெதிரே கரைந்து உள்வாங்கியது, அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரோடும் பேசவில்லை. தட்டு தட்டாகக் கழற்றுகிற மாதிரி செய்யுங்கள், குட்டியானையில் ஏற்றும்போது அருமை தெரியும்.

அதே அக்கா: கோட்டையிலிருந்தே கொஞ்சம் மண்ணும் கல்லும் எடுத்து ஒட்டினால்?

வேண்டாம். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். வயல் ஓரத்து மண்ணைச் சலித்தால் அதே நிறம்தான்.

தருமபுரி வாசகர்: பகடை உருட்டுவதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியுமா?

முதல் நாள் காலை ஆறுமுகப் பகடை வைத்தோம், விதி சொல்லியே தொண்டை வறண்டது. மத்தியானம் ஒரு பாட்டி, "தாயக்கட்டை இல்லையாப்பா?" என்று கேட்டார். மறுநாள் மாற்றிவிட்டோம். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் (கூட்டினால் ஒன்று) விழுவது இரண்டு விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. அதை நிலாவுக்குக் கொடுத்தோம். ஏனென்றால் அன்றைக்கு நல்ல நிலா வெளிச்சம், பௌர்ணமிக்கு மூன்று நாள்தான் பாக்கி, ஏறுகிறவர்கள் பாறை மேல் அப்பட்டமாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகிற பக்கம் உருட்ட வேண்டும், தாயம் விழுந்தால் மேகம் மறைக்கும், அந்தச் சுற்றில் பாறை உருட்ட முடியாது. மண்டபமே "தாயம், தாயம்" என்று கத்தும். மூன்று நாளில் கோட்டை விழுந்தது இரண்டே தடவை, இரண்டும் மேகத்தால்.

பாறைக்கு நிஜக் கூழாங்கல்லை உருட்டிப் பார்த்தோம். தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் கல் மூன்று சிப்பாயைச் சாய்த்துவிட்டு ஒருவர் டீ டம்ளரில் விழுந்தது.

சூளகிரி தம்பி: சிப்பாய்களுக்கு உடை?

கும்பினி சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, கீழே முழங்கால் தெரிகிற வெள்ளைக் குட்டைக் கால்சட்டை, தலைப்பாகை. பிளாஸ்டிக் ஐரோப்பியச் சிப்பாயின் தொப்பியைச் சீவிவிட்டு எம்-சீலில் தலைப்பாகை உருட்டினோம். திப்புவின் காலாட்படைக்குப் புலிவரிப் புள்ளி போட்ட சட்டை. அந்த வரியை ஒவ்வொன்றாக வரையப் பொறுமை இல்லையென்றால் முன்வரிசைக்கு மட்டும் வரையுங்கள், நிலா வெளிச்சம் என்று நீலப் பல்பு போட்டால் பின்வரிசையை யாரும் பார்ப்பதில்லை.

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்: வெள்ளைக்காரனைப் பெரிசாகக் காட்டுகிறீர்களா, திப்புவையா? சண்டை வரலையா?

வந்தது, இரண்டு பக்கத்திலிருந்தும். சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் கீழ்ச்சீமைத் தமிழரும் தெலுங்கரும்தான் என்று சொன்னதும் கொஞ்சம் அடங்கினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. முதலில் பேட்டையை வெறும் வீடுகளாக வைத்திருந்தோம். ஒரு சின்னப் பெண் வந்து "இந்த வீட்டு ஆளுங்க எங்க போனாங்க?" என்று கேட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக மாட்டு வண்டி, மூட்டை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் என்று ஏழெட்டுப் பொம்மை செய்து வைத்தோம். அவை ஆட்டத்தில் நகராது, தாயம் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி.

தருமபுரி வாசகர் மறுபடி: அதியமானின் தகடூர்ப் போரை ஏன் செய்யவில்லை?

ஆசை எனக்கும் உண்டு. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை (இன்றைய தருமபுரி) அழித்தான் என்பது பாட்டில் இருக்கிறது, ஆனால் யார் எங்கே நின்றார்கள், வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் நாமாக வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். அதைச் சண்டை என்று மேசையில் வைத்தால் பொய். நடுகற்களை வைத்து ஒரு மாடுபிடிச் சண்டை, ஆநிரை கவர்தலும் மீட்டலும், அது முடியும். தருமபுரி அருங்காட்சியகத்தில் கற்களைப் போய்ப் பாருங்கள், வில், கத்தி, கொண்டை எல்லாம் அதிலேயே இருக்கிறது. மாடு செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என் மாடுகள் எல்லாம் நாய் மாதிரி வருகின்றன.