மின்சார அண்ணாச்சி பதில்கள்: பழைய வீட்டில் மெயின் எது?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது மாமனார் 1960களில் கட்டிய ஓட்டு வீடு. வராண்டாவில் மீட்டர், அதன் பக்கத்துப் பலகையில் பீங்கான் ஃபியூஸ்கள், கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி ஒன்று. பின்பக்கச் சாய்ப்பில் அதேபோல் இன்னொரு பெட்டி. ஹாலில் புதிதாக வைத்த எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) பெட்டி. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். அடுக்களைச் சுவரைக் கொத்திப் பூச ஆள் வருகிறது. மொத்த வீட்டுக்கும் கரண்டை நிறுத்துவது இவற்றில் எது?
– ஒரு வாசகி, திங்கள்நகர்

பதில்: தங்கச்சி, பெட்டி பெரிதா, புதிதா என்று பார்க்காதீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் வயரைத் தொடருங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மின்வாரியத்தின் ஃபியூஸ் வழியாக மீட்டருக்குப் போகிறது. மீட்டரை விட்டு வெளியே வரும் இரண்டு வயர்களும் முதலில் நுழைகிற சுவிட்ச் எதுவோ அதுதான் மெயின். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வராண்டா இரும்புப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ள ஃபியூஸும் வாரியத்தின் சொத்து. அங்கே உள்ள சீலைத் தொடவே கூடாது.

சாய்ப்பில் இருப்பது அனேகமாகக் கிணற்று மோட்டாருக்கான சுவிட்ச். ஹாலில் உள்ள எம்.சி.பி. பெட்டி மெயினிலிருந்து வருவதை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதை அணைத்தால் வீடு இருண்டுவிடும். ஆனால் வராண்டாவிலிருந்து ஹால் வரை வருகிற வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

இனி சோதனை. பகலில் எல்லா அறைகளிலும் விளக்கையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு, வராண்டா கைப்பிடியை அணையுங்கள். பிள்ளைகளை அறை அறையாக அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், முதலில் இன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். மெயினை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து அது 230 வோல்ட் கொடுக்கும்; அதையும் தனியாக அணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால், பாகம் பிரித்தபோது அடுத்த வீட்டு இணைப்பிலிருந்து ஒரு வயர் உங்கள் பக்கம் தங்கியிருக்கலாம். அண்ணன் தம்பி பங்கு வீடுகளில் இது சகஜம்.

எல்லாம் அணைந்துவிட்டதா? அதற்குள் கொத்தனார் கையில் உளியைக் கொடுத்துவிடாதீர்கள். இந்த இரும்புப் பெட்டிக்குள் பேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் வயர்) ஒன்று என இரண்டு செம்புக் கத்திகள் உண்டு. கைப்பிடி இரண்டையும் ஒருசேரப் பிரிக்க வேண்டும். நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்; குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துருப்பிடித்த பெட்டியில் நியூட்ரல் கத்தி மட்டும் பிரிந்து, பேஸ் கத்தி ஒட்டியபடியே நின்றுவிடலாம். விளக்கு அணையும். ஹோல்டரில் மின்சாரம் காத்திருக்கும்.

நியூட்ரலிலும் ஃபியூஸ் போட்ட பழைய வீடுகளில் அந்த ஃபியூஸ் மட்டும் எரிந்தாலும் இதே கதைதான். நியூட்ரலில் ஃபியூஸ் போட இந்திய மின்சார விதிகள் 1956-இலேயே தடை விதித்தன; இன்றும் பல பலகைகளில் ஜோடி ஃபியூஸைப் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது.

அதனால் அடுக்களைப் பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவசியம். மெயின் போட்டிருக்கும்போதே ஒருமுறை வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் சொல்லும். பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, எல்லாத் துளைகளிலும் வையுங்கள். ஒன்றில் எரிந்தாலும் வேலையை நிறுத்திவிடுங்கள். கைப்பிடி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம்.

அப்படிப்பட்ட பெட்டியைப் பழுது பார்ப்பது வீண் செலவு. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை வைத்து, இரு முனையும் பிரிக்கும் மெயினும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். மாற்றும் நேரத்தில் மீட்டருக்கு முன்னாலேயே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தையோ, வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தையோ (94987 94987) கேளுங்கள்.

கேள்வி: மெயினை அணைத்த பிறகும் மீட்டரில் எண்கள் தெரிகின்றன. கோளாறா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: இல்லை. மீட்டர் மெயினுக்கு முன்னால் இருப்பதால் அதற்கு எப்போதும் மின்சாரம் உண்டு. அதில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். வீட்டில் மின்சாரம் செலவாகும்போது அது சிமிட்டும். மெயினை அணைத்ததும் சிமிட்டல் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் மெயின் சரியாகப் பிரியவில்லை, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.