நகரி மலைக் கல்லில் அலை வரி: ஆழ்கடல் படிவா?

இல்லைங்க. நகரி மலையில் நீங்க பார்த்த அலை வரி (கல்லில் அலை போல மேடும் பள்ளமுமா இருக்கும் கோடுகள்), இமயமலை எழுந்தப்போ ஆழ்கடலில் படிஞ்சது இல்லை. அந்தக் கல், ஆந்திராவில் பழங்காலத்தில் வண்டல் சேர்ந்த பள்ளமான கடப்பா படுகையைச் சேர்ந்த குவார்ட்சைட் (மணல் இறுகிக் கெட்டியான கல்), வயசு 150 கோடி வருஷத்துக்கும் மேல. இந்தியத் தட்டு ஆசியாவில் மோதி இமயமலை எழத் தொடங்கியதோ சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாலதான்.

வங்கக் கடலைப் பற்றிப் படிச்சுதான் இந்தக் குழப்பம் வந்திருக்கணும். இமயமலை உயர உயர, கங்கையும் பிரம்மபுத்திராவும் அதை அரிச்சுக் கொண்டுவந்த வண்டல், கடலடிச் சரிவில் சேற்று வெள்ளமாப் பாய்ஞ்சு சுமார் 3,000 கி.மீ. நீள விசிறியாப் பரவிக் கிடக்கு. வடக்கே அதன் கனம் 16 கி.மீ. வரைக்கும் போகுது. மலை எங்கேயோ, அதன் மண் இலங்கையையும் தாண்டி! எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு மலைப்பா இருக்கும்.

வரியைப் பக்கவாட்டில் பாருங்க. முகட்டின் ரெண்டு பக்கமும் ஒரே சரிவா இருந்தா, ஆழம் குறைஞ்ச தண்ணியில் அலை ஆட்டிய மணல். ஒரு பக்கம் மட்டும் சரிவு அதிகமா இருந்தா நீரோட்டத்தின் வேலை. அது ஆற்றிலும் வரும், ஆழ்கடலிலும் வரும். அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

சேற்று வெள்ளப் படிவு எப்படி இருக்கும்னு தெரிய, குசஸ்தலை ஆற்று மணலையும் களிமண்ணையும் பாட்டில் தண்ணியில் குலுக்கி வைங்க. பருமணல் அடியில், பொடிமணல் அதுக்கு மேல, சேறு கடைசியா. சேற்று வெள்ளப் படிவுன்னு சொல்ல, பாறையில் இதே வரிசை அடுக்கடுக்கா திரும்பத் திரும்ப வரணும்.

உருண்டு விழுந்த கல்லில் பார்க்காதீங்க, தலைகீழாக் கிடக்கலாம். மலையோடு ஒட்டின பாறையில் பாருங்க.