கையில் 12 லட்சம்: சின்ன வீடு கட்டுகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிவில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து 24 வருடமாகச் சின்ன வீடுகள்தான் கட்டிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் 400 சதுர அடியிலிருந்து 900 சதுர அடி வரை. பட்ஜெட் வீடு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பலருக்கும் பயன்படும் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை பக்கம்): அண்ணா, எங்களிடம் மொத்தம் 12 லட்சம் இருக்கிறது. மேஸ்திரி சதுர அடிக்கு 2,200 கேட்கிறார். 800 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் வீடு முடியுமா?

முடியாது தம்பி. 800 சதுர அடிக்கு அந்த ரேட்டிலேயே 17 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. அது வீட்டுக்கு மட்டும். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, கரண்ட் இணைப்பு, பிளான் அனுமதி எல்லாம் பெரும்பாலும் அந்த ரேட்டில் வராது. இதற்கென்று ஒன்றரை லட்சத்தை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதி பத்தரை லட்சத்தை 2,200ஆல் வகுத்தால் 477 சதுர அடி. உங்கள் வீட்டின் அளவு அதுதான்.

கேட்கும்போது மனசு சுருங்கும், தெரியும். ஆனால் 20க்கு 24 அடியில், அதாவது 480 சதுர அடியில், ஒரு குடும்பம் நன்றாக வாழலாம். பின்பக்கம் 10க்கு 10 படுக்கையறை, அதை ஒட்டி 8க்கு 10 சமையலறை. முன்பக்கம் முழுக்க ஹால், அதன் ஒரு மூலையில் 4க்கு 7 கழிப்பறை. மாடிப்படியை வெளியே போட்டுவிட்டால் உள்ளே ஓர் அடிகூட வீணாகாது. இரண்டாவது படுக்கையறையைப் பிள்ளைகள் வளரும்போது மாடியில் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் இருந்தால் அஸ்திவாரத்தை மட்டும் இன்றைக்கே மாடிக்கும் சேர்த்துப் போடுங்கள். பூச்சு, டைல்ஸ், கதவு எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். மண்ணுக்குள் போனதை மாற்ற முடியாது.

800 சதுர அடிக்குத்தான் ஆரம்பிப்பேன் என்று பிடிவாதமாக ஆரம்பித்து, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் பணம் தீர்ந்து, மூன்று வருடம் மழையில் நனைந்து நின்ற சுவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருக்கும். அந்தக் குடும்பம் வாடகையும் கட்டும், வட்டியும் கட்டும்.

கேள்வி (கோவில்பட்டி): சார், பில்லர் போட்டுக் கட்டினால்தான் உறுதி என்கிறார்கள். பில்லர் இல்லாமல் சுவர் மேலேயே தளம் போட்டால் தாங்காதா?

தாராளமாகத் தாங்கும். 10, 12 அடி அகல அறைகள், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், கெட்டியான செம்மண் அல்லது சரளைத் தரை இருந்தால் கீழும் மேலுமாக இரண்டு தளம் கட்டலாம். நம் தாத்தா காலத்து வீடுகள் எல்லாம் சுவர் தாங்கும் வீடுகள்தானே. பில்லருக்கான குழி, கம்பி, பலகை, கூலி எல்லாம் மிச்சம். லிண்டலை மட்டும் ஜன்னலுக்கு மேல் துண்டு துண்டாகப் போடாமல், வீட்டைச் சுற்றி ஒரே பட்டையாக ஓட விடுங்கள்.

ஆனால் உங்கள் ஊர் கரிசல் மண். பதில் அங்கேதான் மாறுகிறது. சித்திரை, வைகாசியில் உங்கள் மனையில் போய் நின்று பாருங்கள், வெடிப்புக்குள் கை நுழையும். அதே மண் ஐப்பசி மழையில் ஊறி உப்பி மேலே தள்ளும். அந்த வெடிப்பு ஓடும் ஆழத்தைத் தாண்டி, கெட்டித் தரை கிடைக்கும்வரை அஸ்திவாரக் குழி தோண்ட வேண்டும். தரைமட்டத்தில் சுவர்களைச் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட் கட்டாயம். தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள், அதாவது வீட்டின் உள்தரைக்கு அடியில், கொட்டி நிரப்பிவிடுவார்கள், வண்டி வாடகை மிச்சம் என்று. விடாதீர்கள். இரண்டே மழைக்காலத்தில் உள்தரை தூக்கிக்கொள்ளும். சரளை அல்லது செம்மண் வாங்கி, அரை அடிக்கு அரை அடி தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குங்கள். கரிசலில் கட்டுகிறவர்கள் ஒரு இன்ஜினியரை மனைக்கு அழைத்து வந்து, குழியைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): செங்கல்லா, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லா, ஹாலோ பிளாக்கா?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது தரமாகக் கிடைக்கிறதோ அது. லாரி வாடகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தால் அந்தச் சூளையை விட்டுவிடுங்கள்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டும் முறை. செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், வெயிலும் குறைவாக உள்ளே வரும். எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் அளவு சீராக இருக்கும் கல்லும், அதைக் கட்டிப் பழகிய கொத்தனாரும் வேண்டும். முதலில் நாலடிச் சுவர் ஒன்று கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (அறந்தாங்கி): அண்ணா, அவர் துபாயில் இருக்கிறார். நான்தான் தனியாக நின்று வேலை பார்க்கிறேன். அடுத்த வாரம் தளம் போடுகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன பார்க்க வேண்டும்?

தங்கச்சி, அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார். தண்ணீர்.

480 சதுர அடியில் ஐந்து இஞ்ச் தளத்துக்கு ஏறத்தாழ 45 மூட்டை சிமெண்ட் போகும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றேகால் வாளி. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். மெஷின்காரர் ஓஸ் பைப்பை அப்படியே உள்ளே விடுவார். கலவை கஞ்சி மாதிரி ஓடினால் தள்ளுவதற்குச் சுலபம், வேலை சீக்கிரம் முடியும். நீ ஓஸை எடுத்துவிட்டு மெஷின் பக்கத்தில் ஒரு வாளியை வைத்துவிடு. கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. காலையிலேயே டீ, வடை வாங்கிக் கொடுத்து, "அண்ணே, வாளிக் கணக்குதான்" என்று சொல்லிவிடு.

என் அக்கா வீட்டுத் தளம் போட்ட அன்று ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி, பாதி முடிந்திருந்தது. அந்தப் பாதியின் மேல் சிமெண்ட் பால் மிதந்துகொண்டிருந்தது. மீதிப் பாதிக்கு நான் வாளியோடு நின்றேன். பதினோரு வருடம் ஆகிறது. மழை வந்தால் இன்றைக்கும் சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது, ஹால் பக்கம் காய்ந்து கிடக்கிறது. அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள், பாத்திரத்தை எடுத்து வைப்பாள். எனக்குத்தான் தாங்காது.

கான்கிரீட் கொட்டுமுன் மேலே ஏறி, கம்பி பலகையைத் தொடாமல் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை) மேல் நிற்கிறதா என்று பார். போட்டு முடித்த மறுநாள் காலையே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபிளை ஆஷ் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயக் கூடாது. முட்டுக்கம்பை 14 நாளுக்கு முன் பிரிக்க விடாதே. வேறு இடத்தில் வேலை இருக்கிறது, பலகை வேண்டும் என்று வந்து நிற்பார்கள். நாலு நாள் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடு.

கேள்வி (சேலம்): லேபர் காண்ட்ராக்டா, பொருளோடு முழு காண்ட்ராக்டா?

தினமும் நின்று பார்க்க ஆள் இருந்தால் லேபர் காண்ட்ராக்ட்தான் மிச்சம். இல்லையென்றால் முழு காண்ட்ராக்ட். எதுவானாலும் எழுதி வாங்குங்கள். சன்ஷேட், படி, போர்டிகோ எல்லாம் சதுரக் கணக்கில் எப்படிச் சேரும் என்று முதலிலேயே கேளுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் வருகிறது. பணம் பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியத்தான் போக வேண்டும். பத்தில் ஒரு பங்கு சாவி கையில் வரும்வரை உங்களிடமே இருக்கட்டும். கம்பி இறக்கும்போது ஒன்றை எடை போடுங்கள். 12 மீட்டர் நீள 8 எம்எம் கம்பி 4.7 கிலோ, 12 எம்எம் 10.7 கிலோ பக்கத்தில் வர வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): குடிசையில் இருக்கிறோம். அரசு உதவி கிடைக்குமா?

கிராமத்தில் குடிசையில் இருப்பவர்களுக்காக 2024-25இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். வீடு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம். பணம் வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். பட்டாவோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். திட்டத்துக்கு வெளியே கட்டுகிறவர்களுக்கு: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால், 2024 ஜூலை முதல் சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

கேள்வி (கடலூர்): வீடு முடியும் நிலை. கையில் 60 ஆயிரம்தான் மீதி. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், இல்லை வெளிப்பூச்சு, ஒன்றுதான் முடியும். உறவினர்கள் கிரகப்பிரவேசத்துக்கு வருவார்களே என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

வெளிப்பூச்சு. நீங்கள் இருப்பது கடற்கரை மாவட்டம், ஐப்பசி, கார்த்திகையில் சாரல் சுவரோடு அடிக்கும். பணம் நாலு பக்கத்துக்கும் போதவில்லையென்றால் மழை அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களை முதலில் பூசுங்கள். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்த பிறகே பூச வேண்டும், அந்தக் கோட்டில்தான் விரிசல் விடும். பூசிய பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும், அதனால் புரட்டாசி பிறக்கும் முன்பே ஆளைச் சொல்லி வைத்துவிடுங்கள்.