வாசகர் கேள்வி பதில்: அரை நாள் கடல், அரை நாள் ஊர்காவற்றுறை

கேள்வி: வாற ஆடியில நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமா யாழ்ப்பாணம் வாறம். போன வருசம் பிள்ளையள் ரெண்டு பேரும் (14 வயசு, 9 வயசு) ஐரோப்பாவில ஒரு இடத்தில அரை நாள் படகுப் பயணம் போனவை. கடலில இறக்கி நீந்த விட்டு, பேந்து பழைய டவுன் ஒண்டைச் சுத்திக் காட்டி மத்தியானத்துக்குள்ள கொண்டந்து விட்டாங்கள். இப்ப அதே மாதிரி எங்கட ஊரில இல்லையோ எண்டு கேட்டு உயிரை வாங்கினம். கூட அம்மாவும் வாறா, 68 வயசு, முழங்கால் வருத்தம், நாள் முழுக்க வெயிலில நிக்கேலாது. எங்க போகலாம்?
(ஒரு வாசகி, ஸ்காபரோ, கனடா)

பதில்: தங்கச்சி, பிள்ளையள் கேட்டது எனக்குச் சந்தோசமா இருக்குது, ஏனெண்டா அப்பிடி ஒரு பயணம் எங்களிட்ட இருக்குது, ஆனா டிக்கெட் வாங்கி ஏறிக் குந்தினா எல்லாத்தையும் அவங்களே காட்டுற மாதிரி இல்லை, நீங்களே கோத்து எடுக்கவேணும். நான் சொல்லுறது யாழ்ப்பாணத்துக்கு மேற்கால தீவுப்பக்கத்தில இருக்கிற ஊர்காவற்றுறையும் காரைநகரும். வெளிநாட்டில இருந்து வாற கனபேர் ஒரே நாளில நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை எண்டு மூண்டையும் அடைஞ்சுபோட்டு கடைசியில வானுக்குள்ள நித்திரை கொண்டுதான் திரும்பி வருவினம். அப்பிடிச் செய்யாதேங்கோ. ஒரு ஊர், ஒரு கடல், காணும்.

விடிய ஆறரைக்கு வெளிக்கிடுங்கோ. பண்ணைப் பாலத்தால போய், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை எண்டு போக ரெண்டு பக்கமும் கடல் வரும், தண்ணிக்குள்ள தடி நட்டுக் கட்டின சிறகுவலையள் வரிசையா நிக்கும், வானை நிப்பாட்டி பிள்ளையளுக்கு அதைக் காட்டுங்கோ, மீன் அந்த வலைச் சுவரோட ஒட்டிப் போய் கடைசியில எப்பிடிக் கூட்டுக்குள்ள மாட்டுப்படுது எண்டு அங்க தொழில் செய்யிற ஆரையும் கேட்டா ஆசையாச் சொல்லுவினம். அல்லைப்பிட்டியும் சும்மா ஊர் இல்லை. 1977 இல அங்க சோங் காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் கிண்டி எடுத்தவை. அவ்வளவு காலத்துக்கு முன்னமே சீனச் சாமான் ஏத்தின கப்பலுக்கு எங்கட இந்தக் கரை தெரிஞ்சிருக்குது.

எட்டு மணிக்கு முதல் ஊர்காவற்றுறையில நிண்டா நல்லம். முதல்ல ஊரைப் பாருங்கோ, குளிப்புப் பிறகு. ஏனெண்டு கேட்டா, ஈர உடுப்போட கோயிலுக்கோ சேர்ச்சுக்கோ உள்ளிடேலாது, உப்புத் தண்ணி காய்ஞ்ச உடம்போட நடந்தா பிள்ளையள் பத்து நிமிசத்தில சிணுங்கத் தொடங்கிடுங்கள், அம்மாவுக்கும் வெயில் ஏற முதல் நடக்கிறதுதான் சுகம்.

ஊருக்குள்ள போகேக்க பிள்ளையளுக்கு ஆனைக் கதையைச் சொல்லுங்கோ. ஊர்காவற்றுறையை இங்கிலீசில கேட்ஸ் எண்டு எழுதுறது போர்த்துக்கேயரின்ர சொல்லில இருந்து வந்தது, அவை இதை ஆனைத்துறை எண்டுதான் சொன்னவை. வன்னியில பிடிச்ச ஆனையளை ஆனையிறவால நடத்திக்கொண்டு வந்து இந்தத் துறையில கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பினவை. ஆனையிறவு எண்ட பேரைப் பிள்ளையள் ஏ-9 றோட்டில போர்டிலதான் பாத்திருப்பினம், அந்தப் பேரின்ர மற்ற நுனி இந்தத் துறையிலதான் கிடக்குது. அதுக்கும் முந்தின கதை ஒண்டு இருக்குது, எனக்கு இதில பெரிய விருப்பம். 12ஆம் நூற்றாண்டில முதலாம் பராக்கிரமபாகு அரசன் (1153 - 1186) தமிழிலயே ஒரு கல்வெட்டு வெட்டுவிச்சு வைச்சவன், அது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில இருக்குது. பிறதேசத்து வியாபாரியள் ஊராத்துறையில வந்து இறங்கவேணும், அவையளுக்குப் பாதுகாப்புக் குடுக்கவேணும் எண்டு அதில சொல்லியிருக்கு, ஊராத்துறை எண்டது இந்த ஊர்காவற்றுறைதான். ஆனை குதிரை ஏத்தி வந்த கப்பல் உடைஞ்சா நாலில ஒரு பங்கு அரசுக்கு, மூண்டு பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் எண்டா பாதிக்குப் பாதி. இண்டைக்கு இன்சூரன்ஸ் எண்டு கதைக்கிறம், அண்டைக்கே எங்கட கரையில கப்பல் உடைஞ்சவனுக்கு என்ன நியாயம் எண்டு தமிழில எழுதி வைச்சிருக்கினம். உங்கட 14 வயசுப் பிள்ளை இதைக் கேட்டாப் பிறகு அந்தத் துறையைச் சும்மா ஒரு பழைய ஜெட்டி எண்டு பாக்காது.

ஒண்டு மட்டும் மனசோட சொல்லுறன். ஊர்காவற்றுறையில கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள்ள மரம் முளைச்ச கல்வீடுகள் காணுவியள், வடிவா இருக்குது எண்டு முன்னால நிண்டு போட்டோ எடுக்கச் சொல்லும் மனம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில தீவுப்பகுதிச் சனம் ஒரேயடியா வெளிக்கிட்டுப் போன வீடுகள் அது. அந்த வீட்டுக்காரர் ஆரோ இப்ப உங்கட ஸ்காபரோவிலயே பக்கத்துத் தெருவில இருக்கலாம். வளவுக்குள்ள இறங்காமல் றோட்டில நிண்டு பாருங்கோ, பிள்ளையளுக்கு இதைச் சொல்லுங்கோ. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைச்சுக் கட்டின சுவர் அது, கிட்டப் பாத்தா கல்லில பூப்பூவா இருக்கும், கடலுக்குள்ள வளர்ந்த கல்லு.

இனிப் படகு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில 'பாதை' ஓடுறது, அதுதான் ஆக்களையும் சைக்கிள் மோட்டச் சைக்கிளையும் ஏத்துற அந்தத் தட்டையான மிதவை, காசு இல்லை, கொஞ்ச நேரந்தான், அக்கரை கண்ணுக்கு முன்னாலயே தெரியும். பிள்ளையளுக்கு ஐரோப்பாப் படகை விட இது பிடிக்கும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா பள்ளிக்கூடப் பிள்ளை, மீன் பெட்டியோட போற ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போற ஆச்சி எல்லாரும் இதிலதான் நிப்பினம். உங்கட வான் இதில ஏறாது, அது திரும்ப யாழ்ப்பாணம் போய் பொன்னாலைப் பாலத்தால சுத்தித்தான் காரைநகர் வரவேணும், அதால றைவரை நீங்கள் இறங்கின உடனேயே அனுப்பி விடுங்கோ, நீங்கள் ஊரைப் பாத்து முடிய அவர் அக்கரையில நிப்பார். பாதை சில நாளில ஓடாது, முதல் நாள் பின்னேரமே ஊரில ஆரையும் விசாரிச்சுக்கொள்ளுங்கோ.

பாதையில போகேக்க நடுக்கடலில எட்டுமூலையா ஒரு கோட்டை தெரியும், அதுதான் கடற்கோட்டை, ஹம்மன்ஹீல் எண்டு ஒல்லாந்தர் வைச்ச பேர், பன்றித்தொடையின்ர குதிக்கால் எண்டு அர்த்தம், இலங்கைப் படம் அவங்களுக்குப் பன்றித்தொடை மாதிரித் தெரிஞ்சதாம். போர்த்துக்கேயர் கட்டினது. 1658 இல ஒல்லாந்தர் வந்து வளைச்சாப் பிறகு உள்ள இருந்தவை குடிக்கத் தண்ணி இல்லாமல்தான் கைவிட்டவை, அதே வருசம் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. சுத்திவரக் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பிறகு மறியலாயும் இருந்து, 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில பிடிபட்ட பெடியளையும் அங்க வைச்சிருந்தவை. இப்ப கடற்படையின்ர பொறுப்பில இருக்குது, உள்ள போக விருப்பம் எண்டா காரைநகர்ப் பக்கத்தில முதலே கேட்டு ஒழுங்கு செய்யவேணும், நினைச்ச உடன வள்ளம் பிடிச்சுப் போய்க் கரையில இறங்கப் பாக்காதேங்கோ. அரை நாளுக்கு வெளியால இருந்து பாத்தாலே காணும் எண்டதுதான் என்ர எண்ணம்.

பத்து மணிக்குக் கசூரினா. சவுக்கு நிழல் இருக்குது, அம்மாவுக்கு ஒரு பாயும் மடக்குக் கதிரையும் கொண்டு போங்கோ, உடுப்பு மாத்த இடம் இருக்குது. கடல் கன தூரத்துக்கு ஆழமில்லை, 9 வயசுக்குப் பொருத்தம். நீங்கள் வாற நேரம் சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) காலம், கசூரினா காரைநகரின்ர வடக்குப் பக்கம் எண்டபடியால் சோளகத்தில அலை குறைவாத்தான் இருக்கும், ஆனா இதில ஒரு பொறி இருக்குது, கவனமாக் கேளுங்கோ. அந்தக் காத்து கரையில இருந்து கடலுக்குத்தான் தள்ளும். காத்தடிச்ச டியூப்பிலயோ பிளாஸ்டிக் மெத்தையிலயோ பிள்ளை ஏறிக் குந்தினா, தண்ணி அமைதியா இருக்குது எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருக்க அது மெல்ல மெல்ல வெளியால போய்க்கொண்டே இருக்கும். டியூப் கொண்டு போகாதேங்கோ, கொண்டு போனாலும் கயிறு கட்டி ஒரு பெரியாளின்ர கையில இருக்கவேணும். காலுக்கு ரப்பர்ச் சப்பாத்துப் போட்டால் நல்லம், மட்டி ஓடும் கல்லும் வெட்டும், மணலுக்குள்ள திருக்கை படுத்திருந்தா காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடந்தா அது தானா விலகிப் போயிடும். கரையில சாதாளை ஒதுங்கிக் கிடக்கும், அது ஊத்தை இல்லை, கடல் புல்லு. பாதை ஓடுற வாய்க்கடலில மட்டும் ஆரும் நீந்தவேண்டாம், ஒடுங்கின வாய், நீரோட்டமும் இருக்குது, வள்ளங்களும் ஓடுது.

பன்னிரண்டுக்கு எழும்பி, நேரமிருந்தா காரைநகர்ச் சிவன் கோயிலில (ஈழத்துச் சிதம்பரம் எண்டு சொல்லுறது) ஒரு கும்பிடு போட்டு (உடுப்பு மாத்திப்போட்டு), பொன்னாலைப் பாலத்தால ஒரு மணிக்கு வீட்டை. ஒடியல் கூழ் காய்ச்சி வைக்கச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிருந்தா இன்னும் விசேசம்.

கேள்வி: எனக்கு நீந்தத் தெரியாது. இவருடைய சிநேகிதர் ஒருவர் தன்ர மீன்பிடி வள்ளத்தில எங்களை ஏத்திக்கொண்டு போய் ஆழமில்லாத இடத்தில இறக்கி விடுறன் எண்டு சொல்லுறார். லைஃப் ஜாக்கெட் கேட்டதுக்கு, எங்கட கடல் குளம் மாதிரி, ஏன் பயப்பிடுறியள் எண்டு சிரிக்கிறார். நான்தான் கூடப் பயப்பிடுறனோ?
(ஒரு வாசகி, கொக்குவில்)

பதில்: இல்லைப் பிள்ளை, நீங்கள் சரி. கன வருசத்துக்கு முதல் நானும் ஒரு சோளகத்தில தீவு ஒண்டுக்குப் போக வள்ளம் ஏறினன், ஏத்தவேண்டிய ஆக்களை விடக் கூட ஏத்தியிருந்தினம், ஒருதருக்கும் ஜாக்கெட் இல்லை. போகேக்க கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மத்தியானம் திரும்பேக்க காத்து எழும்பி அலை பக்கத்தால அடிச்சு உள்ளுக்குத் தண்ணி வரத் தொடங்க, எனக்குப் பக்கத்தில இருந்த ஒரு தாய் சீலைத் தலைப்பால பிள்ளையைத் தன்ர இடுப்போட கட்டினா. அந்த முடிச்சை அவ போட்ட விதம் இப்பவும் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. கரை சேர்ந்திட்டம், ஆனா அண்டைக்குப் பிறகு ஜாக்கெட் இல்லாத வள்ளத்தில நான் கால் வைக்கிறேல்லை.

கடல் ஆழமில்லை எண்டது உண்மைதான், ஆனா ஆழமில்லாத கடலில காத்து எழும்பினா அலை கிட்டக் கிட்டக் குத்தா எழும்பும், சின்ன வள்ளத்துக்கு அதுதான் கரைச்சல். அதோட ஆழமில்லாத இடத்துக்குப் போற வழியில ஆழமும் இருக்கும். அந்தத் தம்பியிட்டக் கோவிக்காமல் மூண்டு விசயம் கேளுங்கோ: ஆக்களை ஏத்த அனுமதி இருக்கோ, எத்தினை பேரை ஏத்துவார், எஞ்சின் நடுவில நிண்டா என்ன செய்வார். ஜாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கோ, ஏற முதல் போட்டு வார் எல்லாத்தையும் இறுக்கிப் பாருங்கோ, காலுக்குக் கீழ வைச்சிருக்கிற ஜாக்கெட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. பறுவம் அமாவாசை நாளில வத்தும் பெருக்கும் கூட இருக்கும், விடிய முழங்கால் அளவு நிண்ட இடம் பிறகு இடுப்புக்கு வரலாம், அதையும் அவரிட்டயே கேளுங்கோ, கடலில தொழில் செய்யிறவருக்கு அது வடிவாத் தெரியும். காத்தைப் பற்றி அவர் சொன்னாக் கேளுங்கோ, ஜாக்கெட்டைப் பற்றி நீங்கள் சொல்லுறதை அவர் கேக்கட்டும்.

கேள்வி: அரை நாளில நெடுந்தீவு போட்டு வரேலுமோ?
(ஒரு வாசகர், வவுனியா)

பதில்: ஏலாது தம்பி. புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவான் துறையில இருந்து படகில அங்கால போக மட்டும் ஒரு மணித்தியாலம் கிட்ட, வாறதுக்கும் அப்பிடி, குறிகட்டுவானுக்குப் போற றோட்டும் சின்னத் தூரமில்லை, படகும் அதின்ர நேரத்துக்குத்தான் ஓடும். குதிரையள், பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின வேலியள் எண்டு பாக்கவேண்டியது கனக்க இருக்குது, ஒரு முழு நாளை ஒதுக்குங்கோ, கூட இருந்தாலும் பரவாயில்லை. விடிய முதல் படகில போங்கோ, திரும்பிற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு இறங்கின உடனேயே கேட்டு வைச்சிருங்கோ. அதே கடலிலதான் 1985 வைகாசி 15 குமுதினிப் படகில போன சனத்தைக் கொன்றவை, நெடுந்தீவில இறங்கிற மாவிலித் துறையில அவையளின்ர நினைவிடம் இருக்குது. குதிரை பாக்க ஓட்டோ பிடிக்க முதல் அங்க ஒருக்கா நிண்டிட்டுப் போங்கோ.